செயற்கைக்கோள் வானொலி ஃபீடுகளை எஸ்டிஆர் டாங்கிளில் பிடிப்பது எப்படி

வானொலி நிறுவனங்கள் பல, ஸ்டுடியோவிலிருந்து தொலைதூர டிரான்ஸ்மிட்டர்களுக்கு நிகழ்ச்சியைக் கொண்டுபோக இன்றும் செயற்கைக்கோளையே நம்புகின்றன. இப்படி அனுப்பப்படும் நிகழ்ச்சிதான் ஃபீட். அகலமான டிவி டிரான்ஸ்பாண்டர்களுக்கு (செயற்கைக்கோளின் ஒளிபரப்புத் தடங்களுக்கு) நடுவே ஊசி போல மெலிந்து நிற்கும் கேரியர்களில் (தரவைச் சுமக்கும் ரேடியோ அலைகளில்) கணிசமானவை இந்த வகை. இவற்றின் சிம்பல் ரேட் (விநாடிக்கு அனுப்பும் குறியீடுகளின் எண்ணிக்கை) சில நூறு கிலோசிம்பலில் தொடங்கி ஒன்றிரண்டு மெகாசிம்பல் வரை இருக்கும். 1 மெகாசிம்பலுக்குக் கீழே பெரும்பாலான செட்டாப் பெட்டிகள் லாக் ஆகாது, அதாவது சிக்னலைப் பிடித்துக்கொள்ளாது. எஸ்டிஆர், அதாவது ரேடியோ சிக்னலை மென்பொருளால் பிரித்தெடுக்கும் கருவியின் நிலை இதற்கு நேர்மாறு. 30 மெகாஹெர்ட்ஸ் அகல டிவி கேரியர் யூஎஸ்பி குச்சி வடிவ மலிவான டாங்கிளுக்கு எட்டாது, மெலிந்த கேரியரோ அதன் ஜன்னலுக்குள் (ஒரே நேரத்தில் அது பார்க்கும் அலைவெண் அகலத்துக்குள்) முழுதாக அடங்கிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டப்படாத சிக்னலைக் கேட்பதற்கும், அதைப் பதிந்து வெளியிடுவதற்கும் விதிகள் வேறு வேறாக இருக்கும். இந்தக் குறிப்பு முழுக்கத் திறந்த ஃபீடுகளைப் பற்றியது மட்டுமே.

முதலில் கணக்கு

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் தடையின்றித் தரும் சாம்பிள் ரேட் விநாடிக்கு 24 லட்சம். 32 லட்சம் வரை வைக்கலாம், ஆனால் சாம்பிள்கள் விடுபடும். டிஜிட்டல் டிமாடுலேஷனில் (சிக்னலிலிருந்து தரவை மீட்பதில்) ஒரு சாம்பிள் விடுபட்டாலும் லாக் உடையும். டிவிபி-எஸ் என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரநிலையில் கேரியரின் ரோல்-ஆஃப் 0.35, அதாவது அதன் மொத்த அகலம் சிம்பல் ரேட்டைப் போல 1.35 மடங்கு. 2.4 மெகாஹெர்ட்ஸை 1.35-ஆல் வகுத்தால் 1.78 மெகாசிம்பல் வருகிறது. ஜன்னலின் இரு ஓரங்களிலும் டாங்கிளின் ஃபில்டர் சரிவதால் 1.5 மெகாசிம்பல் வரை என்று வைத்துக்கொள்வது பத்திரம். அதன் அடுத்த பதிப்பான டிவிபி-எஸ்2 கேரியரில் ரோல்-ஆஃப் 0.25, 0.20 என்றும் இருக்கும் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஒரு கேரியருக்குள் எத்தனை நிலையங்கள் இருக்கலாம்? 1 மெகாசிம்பல், க்யூபிஎஸ்கே (சிம்பலுக்கு 2 பிட்), எஃப்இசி (பிழைதிருத்தம்) 3/4, அதற்கு மேல் இன்னொரு பிழைதிருத்த அடுக்கு 188/204 என்றால், 1 × 2 × 0.75 × 188/204 = விநாடிக்கு 1.38 மெகாபிட். 256 கிலோபிட் ஸ்டீரியோ ஆடியோ ஐந்து அதில் உட்காரும். வானொலி ஃபீடுகளில் எம்பெக் லேயர்-2 ஆடியோவை 192, 256, 384 கிலோபிட் வேகங்களில் பார்க்கலாம்.

எதற்குப் பணம் செலவிடுவது

இந்த விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள் நல்ல டாங்கிளுக்கும் அதிலுள்ள துல்லியமான ஆஸிலேட்டருக்கும் (அலைவெண்ணை நிர்ணயிக்கும் உறுப்புக்கும்) காசு கொடுத்துவிட்டு, டிஷ்ஷின் முன்னுள்ள பழைய எல்என்பியை (சிக்னலைப் பெருக்கித் தாழ்ந்த அலைவெண்ணுக்கு மாற்றும் பெட்டியை) அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். இது தலைகீழ். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழையுள்ள ஆஸிலேட்டர் கொண்ட டாங்கிள் 1,200 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 1.2 கிலோஹெர்ட்ஸ்தான் தவறும். பழைய டிஆர்ஓ வகை (படிகத்தோடு பூட்டாத ஆஸிலேட்டர் கொண்ட) எல்என்பி வெயில் ஏறி இறங்குவதற்குள் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் நகரும், ஒரு மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதும் உண்டு. டிவி கேரியருக்கு அது பொருட்டே அல்ல. 300 கிலோசிம்பல் ஃபீடுக்கோ, கேரியர் முழுதாக ஜன்னலில் வேறிடத்துக்குப் போய்விட்டது என்று பொருள். ஆகவே முதல் செலவு பிஎல்எல் வகை (படிகத்தோடு பூட்டிய ஆஸிலேட்டர் கொண்ட) எல்என்பி. நகர்வு சில பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைவதோடு, ஃபேஸ் இரைச்சலும் (அலையின் கட்டத்தில் வரும் நடுக்கமும்) குறையும். சிம்பல் ரேட் குறையக் குறைய ஃபேஸ் இரைச்சல் அதிகம் உறுத்தும்.

மற்றவை:

- டிஷ். சி-பேண்டுக்கு (3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ்) 1.8 மீட்டர் அல்லது மேல், கேயூ-பேண்டுக்கு (10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ்) 75 முதல் 90 சென்டிமீட்டர்.
- ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், ஆர்820டி2 ட்யூனர் உள்ளது. அது எட்டும் மேல் எல்லை ஏறக்குறைய 1,766 மெகாஹெர்ட்ஸ். இன்னும் அகலம் வேண்டுமென்றால் விநாடிக்கு 60 லட்சம் சாம்பிள் தரும் ஏர்ஸ்பை மினி.
- எல்என்பிக்கு மின்சாரம் ஊட்டும் பவர் இன்சர்ட்டர், அல்லது ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும் இருவழி சாட்டிலைட் ஸ்ப்ளிட்டர்.
- டிசி பிளாக் (மின்சாரத்தைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது), 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) இரண்டு, எஃப் கனெக்டரிலிருந்து எஸ்எம்ஏவுக்கு அடாப்டர்.
- ஆர்ஜி-6 கேபிள். இது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது 0.2 டெசிபெல்கூட இல்லை.

எல்என்பிக்கு மின்சாரம்

டாங்கிளில் உள்ள பயாஸ்-டீ (கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் வசதி) தருவது 4.5 வோல்ட். எல்என்பிக்கு வேண்டியது 13 அல்லது 18 வோல்ட், 100 முதல் 200 மில்லிஆம்ப். எனவே பயாஸ்-டீயை அணைத்தே வையுங்கள், மின்சாரம் வெளியிலிருந்து வரட்டும்.

எளிய வழி பழைய செட்டாப் பெட்டி. எல்என்பியிலிருந்து வரும் கேபிளை ஸ்ப்ளிட்டரின் பொது முனையில் மாட்டி, மின்சாரம் கடத்தும் முனையைப் பெட்டிக்கும், தடுக்கப்பட்ட முனையை டிசி பிளாக் வழியே டாங்கிளுக்கும் கொடுங்கள். போலரைசேஷன் (அலை அதிரும் திசை) 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் கிடை. 22 கிலோஹெர்ட்ஸ் டோன் வந்தால் யூனிவர்சல் எல்என்பி மேல் பேண்டுக்கு மாறும். இதையெல்லாம் பெட்டியின் மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், டிஷ் திருப்பும்போது அதுவே மீட்டராகவும் உதவும். ஸ்ப்ளிட்டரின் இரு முனைகளும் மின்சாரம் கடத்தும் வகையாக இருந்தால் 18 வோல்ட் நேராக டாங்கிளுக்குப் போகும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள்.

ஐஎஃப் எங்கே விழும்

எல்என்பி கேபிளில் இறக்கி அனுப்பும் தாழ்ந்த அலைவெண்ணே ஐஎஃப். சி-பேண்ட் எல்என்பியின் லோக்கல் ஆஸிலேட்டர் 5,150 மெகாஹெர்ட்ஸ். சிக்னலை விட அது மேலே இருப்பதால், ஐஎஃப் = 5,150 − சிக்னல். செயற்கைக்கோளின் அலைவரிசைப் பட்டியலில் 3,984 என்று இருந்தால் டாங்கிளை 1,166-இல் வையுங்கள். இதில் ஸ்பெக்ட்ரம் தலைகீழாகத் திரும்பிவிடும், வலது இடதாகும். செட்டாப் பெட்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். எஸ்டிஆர் மென்பொருள் சரிசெய்யாமல் போகலாம், குறிப்பாக டிவிபி-எஸ்2-வில். எல்லாம் சரியாகத் தோன்றியும் லாக் வரவில்லை என்றால் சிக்னலின் இரு கூறுகளான ஐ, க்யூ இரண்டையும் இடம் மாற்றும் தேர்வை முதலில் அழுத்திப் பாருங்கள்.

கேயூ-பேண்ட் யூனிவர்சல் எல்என்பியில் கீழ் பேண்டுக்கு 9,750, மேல் பேண்டுக்கு 10,600. இங்கே சிக்னலிலிருந்து ஆஸிலேட்டரைக் கழிக்க வேண்டும், திருப்பம் கிடையாது. ஆர்820டி2-வின் 1,766 எல்லையால் கீழ் பேண்டில் 11,516 வரையும் மேல் பேண்டில் 12,366 வரையும்தான் எட்டும். சி-பேண்டில் 3,400 முதல் 4,200 வரை உள்ளது 1,750 முதல் 950-க்குள் விழுவதால் முழுதும் அகப்படும்.

டிஷ்ஷைத் திருப்புவது

பிரைம் ஃபோகஸ் டிஷ் (எல்என்பி நடுவில் நிற்கும் வகை) என்றால் குவிய தூரத்தை முதலில் அளந்து சரிபாருங்கள். விட்டத்தின் வர்க்கத்தை, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். விட்டம் 180, ஆழம் 28 சென்டிமீட்டர் என்றால் 32,400 / 448 = 72.3 சென்டிமீட்டர். குவிய தூரத்தை விட்டத்தால் வகுத்த எஃப்/டி விகிதம் 0.40. ஃபீட்ஹார்னின் (எல்என்பியின் முன்னுள்ள குழலின்) வளையத்தில் எண் பொறித்திருந்தால் அதையும் 40-க்கு நகர்த்துங்கள். குவியம் ஹார்னின் வாய்க்குச் சற்று உள்ளே விழ வேண்டும்.

எல்என்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கையை ஃபீட்டின் முன்னால் வையுங்கள். வானம் குளிர்ந்தது, கை சூடானது. மென்பொருளில் இரைச்சல் தரை (ஸ்பெக்ட்ரத்தின் அடிமட்டம்) பல டெசிபெல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது டாங்கிளின் கெய்ன் (பெருக்கம்) மிகக் குறைவு, அல்லது ட்யூனர் ஓவர்லோடில் திணறுகிறது.

1.8 மீட்டர் டிஷ்ஷின் பீம் சி-பேண்டில் ஏறக்குறைய 3 டிகிரி, 90 சென்டிமீட்டர் டிஷ் கேயூ-பேண்டில் 2 டிகிரி. மெதுவாகத் திருப்புங்கள். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும். டிவி டிரான்ஸ்பாண்டரின் நடுவில் டாங்கிளை வைத்துத் தேடினால் கேரியரின் வடிவம் தெரியாது, ஏனென்றால் 2.4 மெகாஹெர்ட்ஸ் ஜன்னல் முழுதும் அந்தக் கேரியருக்குள்ளேயே இருக்கிறது. தெரிவதெல்லாம் தட்டையான இரைச்சல் தரை உயர்வது மட்டும்தான். அந்த உயர்வே சிக்னல், அது உச்சத்தைத் தொடும் இடத்தில் டிஷ்ஷை இறுக்குங்கள்.

கிடைத்தது எந்தச் செயற்கைக்கோள் என்று உறுதிசெய்ய, ஆர்டிஎல் பவர் என்ற சிறு கருவியால் 950 முதல் 1,750 வரை முழுதாக ஸ்கேன் செய்து படமாக்குங்கள். கேரியர்களின் இடைவெளியையும் அகலத்தையும் அலைவரிசைப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

கடைசியாகப் போலரைசேஷன். எல்என்பியைச் சுழற்றும்போது வேண்டிய சிக்னலின் உச்சத்தைத் தேடாதீர்கள், உச்சம் அகலமாகத் தட்டையாக இருக்கும். எதிர் போலரைசேஷனில் உள்ள கேரியர் ஒன்றை எடுத்துக்கொண்டு அது மறையும் கோணத்தைத் தேடுங்கள், அது கூர்மையானது. சி-பேண்டில் சில செயற்கைக்கோள்கள் வட்டப் போலரைசேஷனில் அனுப்பும். அதற்கு ஃபீட்ஹார்னுக்குள், எல்என்பியின் புரோபுக்கு (சிக்னலை ஏற்கும் சிறு கம்பிக்கு) 45 டிகிரியில், டெஃப்லான் தகடு செருக வேண்டும். தகடு இல்லாவிட்டால் 3 டெசிபெல் இழப்பு, கூடவே எதிர்ப்பக்கக் கேரியர்களும் கலந்து வரும்.

கெய்ன்

எல்என்பியே 50 முதல் 65 டெசிபெல் பெருக்கி, நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸை ஒரே நேரத்தில் கேபிளில் தள்ளுகிறது. டாங்கிளுக்குப் பசியே கிடையாது, அஜீரணம்தான். தானியங்கி கெய்னை அணைத்துவிட்டு, கெய்னைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். இரைச்சல் தரை உயரத் தொடங்கி, அதற்குமேல் கேரியருக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் வளராத இடத்தில் நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். கெய்ன் பூஜ்யத்திலேயே ஜன்னல் முழுக்க இல்லாத கேரியர்கள் முளைத்தால் அட்டென்யுவேட்டரைச் சேருங்கள். கேபிள் 20 மீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது இது அடிக்கடி தேவைப்படும்.

கேரியரை அளப்பது

பட்டியலில் இல்லாத ஃபீடுதான் சுவாரசியம். அதன் சிம்பல் ரேட்டை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எஃப்எஃப்டி (ஸ்பெக்ட்ரம் வரையும் கணக்கு) சராசரியை நிறைய வைத்து, மேட்டின் உச்சியிலிருந்து 3 டெசிபெல் கீழே அகலத்தை அளந்தால் அதுவே தோராயமான சிம்பல் ரேட். ஆனால் டிமாடுலேட்டருக்குத் தோராயம் போதாது. குனூ ரேடியோ மென்பொருளில் சிக்னலின் வீச்சை வர்க்கப்படுத்தி, அந்த வெளியீட்டின் எஃப்எஃப்டியைப் பாருங்கள். சிம்பல் ரேட் இருக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று எழும். ரோல்-ஆஃப் குறைவாக உள்ள கேரியரில் கோடு மங்கலாக இருக்கும், நெடுநேரம் சராசரி எடுக்க வேண்டும். அதேபோல, சிக்னலை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் கோடு வந்தால் க்யூபிஎஸ்கே, எட்டாம் அடுக்கில்தான் வருகிறது என்றால் 8பிஎஸ்கே (சிம்பலுக்கு 3 பிட்).

வலிமை போதுமா என்பதையும் ஸ்பெக்ட்ரமே சொல்லிவிடும். டிவிபி-எஸ், க்யூபிஎஸ்கே 3/4 லாக் ஆக, மேடு இரைச்சல் தரைக்கு மேல் 8 டெசிபெல் நிற்க வேண்டும். அதே மாடுலேஷனும் எஃப்இசியும் டிவிபி-எஸ்2-வில் என்றால் ஐந்தரை டெசிபெல், டிவிபி-எஸ்2 8பிஎஸ்கே 3/4-க்கு எட்டரை. இவை கோட்பாட்டு எல்லையை ஒட்டியவை, நடைமுறையில் 2 டெசிபெல் கூடுதலாக வையுங்கள். மேடு 4 டெசிபெல் மட்டும் தெரிந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, டிஷ்ஷுக்குத் திரும்புங்கள்.

டிமாடுலேஷன்

எஸ்டிஆர்ஏஞ்சல் மென்பொருளில் உள்ள டிஏடிவி (அமெச்சூர் டிஜிட்டல் டிவி) டிமாடுலேட்டர் தொடங்குவதற்கு ஏற்றது. அதன் அடியில் இருப்பது லீன்எஸ்டிஆர். கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள் அதிலுள்ள லீன்டிவிபியை நேராகவே ஓட்டலாம்.

டாங்கிளின் சாம்பிள் ரேட்டை 24 லட்சத்தில் வைத்து, டெசிமேஷனை (சாம்பிள்களைக் குறைக்கும் அமைப்பை) 1-இல் விடுங்கள். கேரியரைக் கண்ணால் பார்த்து டிமாடுலேட்டரின் நடுக்கோட்டில் உட்கார வையுங்கள். இரு தோள்களும் சமமாக இருக்க வேண்டும். ஆர்820டி2-வில் நடுவில் டிசி முள் (சிக்னல் அல்லாத போலிக் கூர்முனை) வராது. ஹேக்ஆர்எஃப், புளூட்டோ போன்ற எஸ்டிஆர்களில் வரும். அவற்றில் கேரியரை ஜன்னலின் நடுவிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு தரநிலை, மாடுலேஷன், சிம்பல் ரேட், எஃப்இசி, ரோல்-ஆஃப் ஆகியவற்றைக் கொடுத்து, ஆர்எஃப் அகலத்தைச் சிம்பல் ரேட்டைப் போல 1.35 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். டிவிபி-எஸ் என்றால் விட்டெர்பி (ஒரு பிழைதிருத்த முறை) தேர்வை இயக்குங்கள். கணினிக்குச் சுமை கூடும், ஆனால் பலவீனமான சிக்னலில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இனி கான்ஸ்டலேஷனை (சிம்பல்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தை) பாருங்கள், பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே முகம் காட்டும். நான்கு தனித்தனிப் புள்ளிக்கூட்டங்கள் என்றால் நல்லது. கூட்டங்கள் இருந்தும் தரவு வரவில்லை என்றால் எஃப்இசி தவறு: 1/2, 2/3, 3/4, 5/6, 7/8 என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வளையமாகச் சுழன்றால் மைய அலைவெண் தவறு. கூட்டங்கள் ஆரம் மாறாமல் வில் வில்லாக நீண்டிருந்தால் ஃபேஸ் இரைச்சல், எல்என்பியைத்தான் மாற்ற வேண்டும். நடுவில் குவிந்த பஞ்சுப்பொதியாக இருந்தால் சிம்பல் ரேட் தவறு, அல்லது சிக்னல் போதவில்லை.

டிவிபி-எஸ்2-வின் எல்டிபிசி (பிழைதிருத்த) டிகோடிங் கனமானது. கணினி தடுமாறினால் முதலில் ஐக்யூ (மூல சாம்பிள்) கோப்பாகப் பதிந்துகொண்டு பிறகு டிகோடு செய்யுங்கள். 24 லட்சம் சாம்பிள் ரேட்டில், 8 பிட்டில், நிமிடத்துக்கு 288 மெகாபைட், மணிக்கு 17 கிகாபைட். ஒரு நிமிடப் பதிவு சோதனைக்குத் தாராளம். ஒரே பதிவை வைத்துக்கொண்டு அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது, நேரலையில் எது மாறியது என்று தெரியாமல் திண்டாடுவதை விட மேல்.

ஆடியோவை எடுப்பது

லாக் ஆனதும் வெளிவருவது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், அதாவது நிகழ்ச்சிகளைப் பாக்கெட்டுகளாகக் கட்டிய தரவோடை. எஸ்டிஆர்ஏஞ்சலில் யுடிபி (நெட்வொர்க்) வெளியீட்டை இயக்கி, அதே முகவரியையும் போர்ட்டையும் விஎல்சியில் திறங்கள். பல நிலையங்கள் உள்ள ஸ்ட்ரீமில் விஎல்சி முதலில் அகப்பட்டதை மட்டும் பாடும். மற்றவற்றை பிளேபேக் மெனுவில் புரோகிராம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

லாக் ஆகியும் ஒன்றும் கேட்கவில்லையா? டிஎஸ்டக் கருவியால் ஸ்ட்ரீமை அலசுங்கள். பாக்கெட்டுகளில் ஸ்கிராம்பிளிங் குறி இருந்தால் ஃபீட் பூட்டப்பட்டது, அதோடு விட்டுவிடுங்கள். பூட்டில்லாமல் ஆடியோ பிஐடியும் (ஆடியோ பாக்கெட்டுகளின் அடையாள எண்ணும்) இல்லாமல் தனியார் தரவு பிஐடி மட்டும் கொழுத்திருந்தால், ஆடியோ ஐபி பாக்கெட்டுகளாக எம்பிஇ முறையில் பொதியப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிஎஸ்டக்கின் எம்பிஇ பிளக்-இன் அந்த மல்டிகாஸ்டைப் பிரித்தெடுக்கும். டிவிபி-எஸ்2-வில் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமே இல்லாமல் ஜிஎஸ்இ முறையில் வரும் ஃபீடுகளும் உண்டு. அவை லாக் ஆனாலும் மேற்சொன்ன வழியில் எதுவும் வெளிவராது.

நன்றாக ஓடியது திடீரென நின்றால்

பகலில் போய் இரவில் திரும்புகிறது என்றால் எல்என்பியின் நகர்வு, வாட்டர்ஃபாலில் (நேரத்தோடு ஓடும் ஸ்பெக்ட்ரப் படத்தில்) கேரியர் சாய்ந்து போவதே சாட்சி. ஐஎஃப் 1,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்து, அரைமணி நேரம் கழித்து எல்லாமே மறைந்தால் டாங்கிளைத் தொட்டுப் பாருங்கள். சூடான ஆர்820டி2 அந்தப் பகுதியில் பிஎல்எல் லாக்கை இழக்கும். உலோக உறையும் சிறு மின்விசிறியும் போதும். சம இரவு நாட்களை ஒட்டிச் சில நாட்கள், ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் கடக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்.

சி-பேண்டில் புதிதாக வந்திருக்கும் தலைவலி 5ஜி. பல நாடுகளில் 3,300 முதல் 3,800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைபேசிக் கோபுரங்கள் இயங்குகின்றன. கோபுரத்தின் சிக்னல் எல்என்பியையே திணறடித்துவிடும், அப்போது 4,000-க்கு மேலுள்ள கேரியர்களும் சேர்ந்து சாயும். டாங்கிளின் முன்னால் எந்த ஃபில்டர் வைத்தாலும் பயன் இல்லை, சேதம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஃபீட்ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவில் திருகும் வேவ்கைடு பேண்ட்பாஸ் ஃபில்டர்தான் மருந்து. வாங்கும்போது அது எந்த அலைவெண்ணிலிருந்து கடத்தத் தொடங்குகிறது என்று பாருங்கள். 3,700-இல் தொடங்கும் ஃபில்டரைப் போட்டால் அதற்குக் கீழேயுள்ள ஃபீடுகள் கோபுரத்தோடு சேர்ந்தே போய்விடும்.